உபயத்துக்கு வாங்கிய அரிசி

மாத்தளை டவுனில் விலைக்கழிவு சுப்பர்மார்க்கெட் இரண்டு இருக்கின்றன. ஒன்று பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட, உயரமான படிகளோடு. மற்றது ரத்தோட்டை ரோட்டில், முன்பு மிளகும் கராம்பும் அடுக்கி வைத்திருந்த பழைய ஸ்டோரில். இரண்டுக்கும் பலகையில் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அவற்றைப் படிக்கடை என்றும் ஸ்டோர்க்கடை என்றும்தான் சொல்வோம். எந்தச் சாமான் எந்தக் கடையில் நல்லது, எது மலிவு, எது மலிவு மாதிரி வேஷம் போடுகிறது என்று யாராவது கேட்டால் நின்ற நிலையில் சொல்லிவிடுவேன். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். அது என் குணம்.

பருப்பைப் படிக்கடையில் வாங்க வேண்டும். கழுவும்போது தண்ணீர் சிவக்காது, எண்ணெய் பூசின மினுமினுப்பும் இருக்காது. தேங்காயெண்ணெய் ஸ்டோர்க்கடையில். அவர்களுடைய சொந்தப் போத்தலுக்கு ரி.வி.யில் விளம்பரம் இல்லை, பார்க்கவும் லட்சணமில்லை. ஆனால் மார்கழிக் காலையில் பார்த்தால் அடிப்பாகம் வெள்ளையாக உறைந்து நிற்கும். அந்தக் குளிரிலும் உறையாத தேங்காயெண்ணெயை நான் நம்புவதில்லை. டின் மீனைக் காதருகில் வைத்து ஆட்ட வேண்டும். தண்ணீர் அதிகமாகக் குலுங்கினால் மீன் குறைவு. சவர்க்காரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும், விலையைக் கூட்டாமல் இடுப்பைக் குடைந்து வைத்திருப்பார்கள். பால்மாவுக்கு என் மகள் வேண்டும். அவள் பேங்கில் வேலை செய்பவள், போனைத் தட்டி ஒரு கிராம் என்ன விலை என்று சொல்லுவாள். பெரிய பைக்கட்தான் எப்போதும் லாபம் என்று நான் நினைத்திருந்ததை அவள்தான் பொய்யாக்கினாள்.

மிளகுத்தூள், மஞ்சள்தூள் இரண்டையும் எந்தக் கடையிலும் தொடமாட்டேன். மாத்தளையில் பிறந்துவிட்டு பைக்கட்டில் மிளகுத்தூள் வாங்கிப் பப்பாளி விதையைத் தின்ன என்னால் முடியாது. பல்லேபொலவிலிருந்து ஒரு சிங்களப் பெண் தன் தோட்டத்து மிளகைப் பஸ்ஸில் கொண்டுவந்து வீட்டிலேயே தந்துவிட்டுப் போவாள். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் அவருடைய கடைக்குக் கொண்டுவந்தவள். அவர் போன பிறகும் வழக்கத்தை விடவில்லை.

அவர் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் சின்ன வியாபாரி. வீட்டுச் சாமான் வாங்குவதும் அவர்தான். எது என்ன விலை என்று அப்போது எனக்குத் தெரியாது, வந்ததைச் சமைப்பேன், உப்பு உறைப்பு சொன்னால் சண்டை பிடிப்பேன். ஒரு நாள் கடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். அடுத்து வந்தது ஊரே வரிசையில் நின்ற காலம். சமையல் காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அவருடைய கடையை ஒரு போன் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டோம். அந்த வாடகையிலும் மகளின் சம்பளத்திலும் வீடு நடந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி ஒப்பிட்டுப் பார்க்க நான் படித்தது அப்போதுதான்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் என் வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னது கிடையாது. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது வழக்கமில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், என் மகளும் சிரித்திருக்கிறாள். இதில் நான் பெரிய பத்தினி என்று காட்டிக்கொள்ள ஒன்றுமில்லை, வெறும் பழக்கம்தான். எழுதச் சொன்னால் எழுதுவேன். பிள்ளையின் ஸ்கூல் விண்ணப்பத்தில், கரண்ட் பில் காரியங்களில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். சொல்லத்தான் வாய் கூசும். நான் "என்னங்க" என்பேன். மகளுக்கு அப்பா. அவருடைய அண்ணனுக்குத் தம்பி. கடைக்கு வருகிறவர்களுக்கு முதலாளி. அவர் போன அன்று ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோதுகூட மகள்தான் அழுதுகொண்டே சொன்னாள். அதை விட்டால், அந்த மனுஷனுடைய பெயர் வாய்விட்டுச் சொல்லப்பட்ட இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான். அம்மன் கோயில் லவுட்ஸ்பீக்கர்.

மாசித் திருவிழாவில் ஒரு நாள் அன்னதானம் எங்கள் உபயம். மகள் பிறந்தபோது அவர் நேர்ந்துகொண்டது. பூசை முடிந்து இலை போடும் நேரத்தில், இன்றைய உபயகாரர் இன்னார் என்று லவுட்ஸ்பீக்கரில் சொல்வார்கள். அவர் அதைக் கேட்காத மாதிரி சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் போவார். அவர் போன பிறகு முதல் மாசியில் அந்தப் பெயருக்கு முன்னால் "அமரர்" என்று சேர்த்துச் சொன்னார்கள். எனக்கு மைக் பிடித்தவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பிறகு அந்த அமரரோடுகூட அந்தப் பெயரைக் கேட்பதற்காகவே மாசியைப் பார்த்துக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர் அந்த உபயத்துக்கு ஒரு விதி வைத்திருந்தார். வீட்டில் சாப்பிடும் அரிசிதான் கோயிலுக்கும் போக வேண்டும். வீட்டில் ஊற்றும் எண்ணெய்தான் அங்கேயும். சிலர் வீட்டில் செலவாகாத பழைய அரிசியைக் கோயிலில் தள்ளிவிடுவார்கள். சிலர் வீட்டில் குறுணையைத் தின்றுகொண்டு கோயிலுக்கு விலை கூடின கீரி சம்பா மூட்டையை எல்லோரும் பார்க்க இறக்குவார்கள். அவருக்கு இரண்டுமே பிடிக்காது. "நம்ம திங்கிறத குடுத்தாதான் அது சோறு. மத்ததெல்லாம் சரக்கு" என்பார். அப்போது கையில் காசு புழங்கியது, வீட்டிலும் நல்ல சம்பாதான் வெந்தது, கோயிலிலும் அதேதான். அந்த விதி எனக்கு ஒரு பாரமாகத் தெரிந்ததே இல்லை.

வரிசைக் காலம் முடிந்து ஓர் ஆடி மாசத்தில் அவருடைய அண்ணன் வீட்டுக்கு வந்தார். மெயின் ஸ்ட்ரீட்டில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர், ஊரில் நாலு பேர் மதிக்கிறவர். கெட்டவர் இல்லை. தம்பி போனபோது எங்களுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்தவர்.

"நீங்க ரெண்டு பேரும் பொம்பளைங்க. எவ்வளவு காலத்துக்குத்தான் உபயத்த இழுத்துக்கிட்டுக் கெடக்கப் போறீங்க? பேசாம 'குடும்பத்தார் உபயம்'னு மாத்திப் போட்டுருவோம். செலவ நான் பாத்துக்குறேன்" என்றார்.

"அப்ப அவங்க பேரு?" என்று கேட்டேன்.

"குடும்பத்தார்னு சொன்னா அதுல தம்பியும் வந்துட்டான்தானேம்மா?"

நியாயமான பேச்சுதான். அதில் குற்றம் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் லவுட்ஸ்பீக்கரில் "குடும்பத்தார்" என்று கேட்பதை நினைத்துப் பார்த்தேன். குடும்பத்தார் என்றால் யார்? அந்தக் கூட்டத்தில் அவரை நான் எங்கே போய்த் தேடுவேன்?

"வர்ற மாசி நாங்களே செஞ்சுருவோம் அத்தான். அதுக்கப்புறம் நீங்க சொல்ற மாதிரி பாத்துக்கலாம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி. ஆனா கொற வந்துறக் கூடாது. ஊரு பாக்கும். சம்பாதான் போடணும். கொற வந்தா அடுத்த வருஷம் குடும்பத்தார்தான், சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மகள் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அத்தனை பேருக்குச் சம்பா வாங்க எங்களால் ஆகாது. வீட்டிலேயே சம்பா நின்று எவ்வளவோ காலம். கையில் கிடைத்ததை வாங்கிப் பொங்கிக்கொண்டிருந்தோம். கோயிலுக்கு மட்டும் எப்படியாவது சம்பா வாங்கினால் அண்ணன் சொன்னது நடக்கும், தம்பி சொன்னது நடக்காது. ஆகவே இப்படி முடிவு பண்ணினேன். இந்த இரண்டு கடைகளிலும் எங்கள் கைக்கு எட்டுகிற விலையில், அம்மனுக்குக் கொடுத்தாலும் மனசு உறுத்தாத சாமான் எது என்று தேடிக் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்ததை அன்றிலிருந்து வீட்டிலும் அதையே சமைப்பது.

ஆவணியில் தொடங்கினோம். படிக்கடையின் வெள்ளைப் பச்சையரிசியை ஒரு சட்டியிலும் ஸ்டோர்க்கடையின் வெள்ளைப் பச்சையரிசியை இன்னொரு சட்டியிலும் வைத்து வடிப்பேன். எது எந்தக் கடை என்று மகளுக்குச் சொல்லமாட்டேன். அவள் சாப்பிட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். படிக்கடை அரிசி பார்வைக்கு வெள்ளை வெளேர் என்று இருக்கும், வெந்தால் ஒரு சாக்கு நாற்றம். ஸ்டோர்க்கடை அரிசியில் உடைந்த மணி கொஞ்சம் கூட, ஆனால் சோறு உதிரி உதிரியாக வந்தது, மிஞ்சியதை மறுநாள் காலையில் எடுத்தாலும் நூல் விடவில்லை. பருப்பில் படிக்கடை ஜெயித்தது. அப்பளம் இரண்டிலும் தோல்வி, ஒன்று உப்பு, மற்றது எண்ணெயைக் குடித்தது, அதனால் அப்பளமே வேண்டாம் என்று வைத்தோம். மரக்கறிக்குக் கவலை இல்லை. தம்புள்ளைச் சந்தையிலிருந்து கண்டிக்கு லொறி ஓட்டும் ஒருவர் என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். பூசணியும் கத்தரியும் போஞ்சியும் வாசலிலேயே இறக்கித் தருவார்.

"அம்மா, நீங்க எப்ப இருந்து இப்படி விஞ்ஞானி ஆனீங்க?" என்று மகள் கிண்டல் பண்ணுவாள். ஆனால் ஒரு தடவைகூட சலித்துக்கொள்ளவில்லை. இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு மென்று, தீர்ப்புச் சொல்வாள். அவர் போன பிறகு நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அவ்வளவு நேரம் சாப்பிட்டது அந்த மாதங்களில்தான்.

கார்த்திகையில் ஒரு நாள் ஸ்டோர்க்கடையில் அரிசி அடுக்கியிருந்த பக்கம் திரும்பினேன். அங்கே என் ஓரகத்தி நின்றாள். அத்தானுடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள். அவள் கையில் அதே வெள்ளைப் பச்சையரிசிப் பைக்கட்டுகள். அவற்றை அவள், கார் பார்க் வைத்த விலை கூடின சுப்பர்மார்க்கெட் ஒன்றின் துணிப்பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் சட்டென்று உப்பு அடுக்கின பக்கம் திரும்பினாள். நான் என்றைக்கும் இல்லாமல் நாய் பிஸ்கட்டின் விலையைப் படித்தேன். எங்கள் வீட்டில் நாயே கிடையாது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்றுதான் நடந்தேன். நடக்க நடக்கச் சிரிப்பு போய்விட்டது. ஹார்ட்வெயார் கடையிலும் வியாபாரம் படுத்துவிட்டது என்று அரசல்புரசலாகக் கேள்விப்பட்டிருந்தேன். சீமெந்து விலைக்கு யார் வீடு கட்டுகிறார்கள்? என் உபயத்தின் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன மனுஷன் வீட்டிலும் அதே பைக்கட்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாசி பிறந்தது. உபயத்துக்கு முந்தின வாரம் ஸ்டோர்க்கடைக்குப் போனேன். அங்கே மெனேஜர் ஒரு சிங்களத் தம்பி, என்னை அம்மே என்றுதான் கூப்பிடுவார். வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளுங்கள், கோயிலுக்குத்தானே, த்ரீவீலரில் ஏற்றியும் தருகிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். அன்று நல்ல மழை. மழை பெய்தால் அந்தக் கடையில் ஒரு விசேஷம் உண்டு. பழைய ஸ்டோர் அல்லவா, சீமெந்துத் தரை ஈரம் வாங்கியதும் எத்தனையோ வருஷத்துக் கராம்பு வாசம் கிளம்பிவிடும். என் வீட்டுக்காரரின் சட்டையில் இருந்த அதே வாசம். அன்று அது கடை முழுக்க நிறைந்திருந்தது. எந்த அரிசி என்றாலும் ஒரு பைக்கட்டின் ஓரத்தைப் பிரித்து முகர்ந்து பார்க்காமல் வாங்காதவள் நான். அன்றும் பிரித்து முகர்ந்தேன். கராம்புதான் மணத்தது. அதே பைக்கட், அதே எழுத்து, அதே விலை. கண் கலங்கிப்போய், ஏற்றச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் பழைய பைக்கட்டுகள் இன்னும் மிச்சம் இருந்தன. அதனால் புதிதாக வாங்கியதிலிருந்து ஒரு பிடிகூட வீட்டில் வைத்துப் பார்க்கவில்லை.

உபயத்தன்று கோயில் சமையல் கட்டில் விறகடுப்பில் முதல் கிடாரம் ஏறியது. நானும் மகளும் ஓரகத்தியும் ஒரு பக்கம் உட்கார்ந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தோம். சமையற்காரர் ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர், திருவிழாவுக்குத் திருவிழா வருகிறவர், சிடுசிடுத்த மனுஷன். திடீரென்று அவர் அகப்பையால் கிடாரத்து விளிம்பைத் தட்டினார்.

"யாரும்மா அரிசி வாங்குனது? இது புது நெல்லு அரிசி! பாருங்க, தண்ணி வடிக்க முன்னுக்கே களியாப் போச்சு!"

எழுந்து ஓடினேன். சோறு மணி மணியாக இல்லை. ஒன்றோடொன்று ஒட்டி, கொப்புளம் விட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. பார்த்ததும் விளங்கிவிட்டது. நாங்கள் ஆவணியிலும் கார்த்திகையிலும் தின்று பார்த்தது பழைய நெல்லின் அரிசி. தை கடைசியில் பெரும்போக அறுவடை. விலைக்கழிவுக் கடையில் சரக்குத் தேங்கி நிற்பதில்லை, புது நெல்லைக் குத்தியதும் அதே பைக்கட்டில் அடைத்து இறக்கிவிட்டார்கள். மாசித் திருவிழாவும் புது நெல்லும் ஒன்றாகத்தான் வரும் என்பது இந்த ஊரில் சோறு வடிக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சரியாக முகர்ந்திருந்தாலே தெரிந்திருக்கும், புது அரிசிக்கு ஒரு பச்சை வாசம் உண்டு. நான் முகர்ந்தது வேறு வாசம்.

அத்தான் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக உள்ளே வந்தார். கிடாரத்தைப் பார்த்தார்.

"சொன்னேனா இல்லையா? சம்பா வாங்கச் சொன்னேன்தானே? கண்ட கண்ட மலிவுக் கடையில வாங்கி, ஊர் முன்னுக்கு இப்படிக் கொண்டுவந்து வச்சிருக்கீங்க. தம்பி பேரையே கெடுத்துட்டீங்கம்மா!"

மற்றதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பேன். தம்பி பேரைக் கெடுத்துவிட்டேன் என்றதும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் பெயருக்காகத்தானே ஆவணியிலிருந்து இரண்டு சட்டி வைத்து அல்லாடினேன்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, துணிப்பைக்குள் போன அந்தப் பைக்கட்டுகளின் கதை. ஒரு வார்த்தை போதும். சமையற்காரர் நிற்கிறார், மரக்கறி வெட்ட வந்த பெண்கள் நிற்கிறார்கள், மனுஷன் தலையைத் தூக்கமாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரும் தம்பியைப் பறிகொடுத்தவர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அவ்வளவாக உதவவில்லை.

பின்னால் கத்தியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

"நிப்பாட்டுங்க" என்றாள் ஓரகத்தி. அவள் புருஷனை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. "நம்ம வீட்லயும் இந்த அரிசிதான். ரொம்ப மாசமா இதத்தான் வடிக்கிறேன். உங்களுக்குத் தெரியாம இல்ல, தெரியாத மாதிரி சாப்புடுறீங்க. தம்பி என்ன சொல்லிட்டுப் போனாரு? வீட்டுல திங்கிறதத்தான் கோயிலுக்குக் குடுக்கணும்னு சொன்னாரு. நம்ம குடும்பத்துலயே அத செஞ்சது இவ ஒருத்திதான்."

அத்தான் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு வெளியே போய்விட்டார். ஓரகத்தி உட்கார்ந்து மறுபடியும் கத்தரிக்காயை எடுத்தாள். நான் அவள் தோளைத் தொட்டேன், அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அழுவதற்கு நேரமில்லை. பூசை முடிந்தால் சனம் வந்துவிடும். பருப்பு தனியாக வெந்து இருந்தது. "பருப்ப இதுல ஊத்துங்கண்ணே. வெட்டுன மரக்கறிய அவிச்சு அதையும் போடுங்க. சாம்பார் சாதமாக் கிண்டிருவோம்" என்றேன். சமையற்காரர் முணுமுணுத்தார். சோறு கறி என்று சொல்லிவிட்டு சாம்பார் சாதம் போட்டால் ஜனம் தன்னைத்தான் திட்டும் என்றார். திட்டினால் என்னைக் காட்டிவிடுங்கள் என்றேன். இரண்டு பேர் பிடித்துக் கிண்டினார்கள். பல்லேபொல மிளகையும் சீரகத்தையும் இடித்து நானே மேலே தூவினேன். அடுத்த கிடாரத்துக்குத் தண்ணீரைக் குறைத்து வைத்தார்கள். அது ஓரளவுக்குச் சோறு மாதிரி வந்தது.

பூசை முடிந்து லவுட்ஸ்பீக்கரில் சொன்னார்கள். அமரர் என்று சொல்லி அந்தப் பெயரைச் சொன்னார்கள். நான் கிடாரத்துப் பக்கத்தில் கையெல்லாம் சாதத்தோடு நின்று கேட்டேன். இனி இதைக் கேட்கமாட்டேன் என்று நினைத்தேன். குறை வந்துவிட்டது. ஊர் பார்க்கப் போகிறது. ஓரகத்தி என்ன பேசினாலும், அத்தான் சொன்ன வாக்கு இருக்கிறது, நானும் சரி என்றுதானே தலையாட்டினேன்.

ஜனம் உட்கார்ந்தது. சிலர் இலையைப் பார்த்து, சோறு இல்லையா என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். தோட்டத்திலிருந்து பிள்ளைகளோடு வந்த ஒரு பெண் இரண்டாம் தடவை வாங்கினாள். ஒரு பெரியவர் மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். அதையும் பார்த்தேன். நன்றாக இருந்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை, மோசம் என்றும் சொல்லவில்லை.

முதல் பந்தி எழும்பும்போது கோயில் செயலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அந்த வருஷம்தான் புதிதாகப் பொறுப்பெடுத்தவர். அலுவலக மேசையில் அடுத்த வருஷத்து உபயங்களைப் பதிந்துகொண்டிருந்தார். அத்தான் ஏற்கெனவே அங்கே ஒரு ஓரமாக நின்றார். வழக்கமாக இந்த மாதிரிக் காரியங்களில் அவர்தான் பேசுவார்.

"உங்க நாள 'குடும்பத்தார்'னு மாத்தணும்னு இவங்க முன்னுக்குச் சொல்லியிருந்தாங்க. இப்பக் கேட்டா, அத உங்ககிட்டதான் கேக்கணும்னு சொல்றாங்க. எப்படிப் போடட்டும்மா?" என்று செயலாளர் கேட்டார்.

அத்தானைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய இரண்டு விரல்களில் சாம்பார் சாதம் காய்ந்து ஒட்டியிருந்தது. எப்போது பந்தியில் உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவே இல்லை.

"எங்க வீட்டுக்காரர் பேர்லயே போடுங்க" என்றேன்.

செயலாளர் பேனாவை எடுத்தார். "புதுப் புத்தகத்துல எழுதணும், பேரச் சொல்லுங்கம்மா."

மகளைத் தேடினேன். அவள் இரண்டாம் பந்திக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள், அப்படியே அவளுடைய அப்பாவின் நடை. அத்தான் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் "நீயே சொல்லும்மா" என்று மெதுவாகச் சொன்னார். செயலாளர் பேனாவைத் தாளில் ஊன்றியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன்.

இத்தனை வருஷக் கல்யாணத்தில் சொல்லாத பெயர். அந்தப் பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை. வாய் கூசும் என்று நினைத்திருந்தேன், கூசவில்லை. செய்தி சொல்வது மாதிரிச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் எனக்கு அது பழக்கமில்லையே. பின்கட்டில் இருக்கும் ஆளைக் கூப்பிடுகிற மாதிரிக் கொஞ்சம் உரத்துத்தான் வந்தது. செயலாளர் எழுதிக்கொண்டார். அத்தான் சால்வையால் கண்ணை மூடிக்கொண்டார். நான் சொல்லி முடித்துவிட்டு, என்னையும் அறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.